கோதண்டம் வீட்டுக் கூரையில் விழுந்த கல்

“இன்னாம்மா தேடிக்கினு கீற? கொலுசு கிலுசு வுட்டுட்டியா?”

குரல் வந்த பக்கம் நிமிர்ந்து பார்த்தேன். செய்யூருக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிய கொல்லை. வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பார்க்காமல் என்ன செய்வார்கள்? அறுபது வயதைத் தாண்டிய ஒருத்தி. தலையில் கணவரின் கிரிக்கெட் தொப்பி. கையில் ஒரு கம்பு, கம்பின் நுனியில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். பிடுங்கி முடித்த பாத்தியில் குனிந்து குனிந்து நடக்கிறாள். எனக்கே என்னைப் பார்த்தால் சிரிப்பு வந்திருக்கும்.

“கொலுசு இல்லம்மா, கல்லு” என்றேன்.

“கல்லா! எங்கூர்ல கல்லுக்கு இன்னா பஞ்சம்? எத்தினி மூட்ட ஓணும் சொல்லு, கட்டித் தரோம்.”

“இந்த ஊர்க் கல்லு இல்லை. வானத்திலேருந்து விழுற கல்லு.”

சிரிப்பு அலையலையாக எழுந்தது. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. பிடுங்கிய செடியைக் கையில் பிடித்தபடி நின்றாள். வேரிலிருந்து செம்மண் அவள் காலில் உதிர்ந்துகொண்டிருந்தது.

“வானத்துலேர்ந்து கல்லு வுழுமா?”

“விழும். எப்பவாவது விழும்.”

“வூட்டு மேல வுழுமா?”

“அதுக்கு வீடு, கொல்லை, கடல் எல்லாம் ஒண்ணுதான். எங்கே வேணாலும் விழும்.”

அவள் குனிந்து அடுத்த செடியைப் பிடுங்கினாள். ஆனால் அந்தப் பாத்தி முடியும் வரைக்கும் என் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

கருமணல்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காகச் சொல்கிறேன்: பெயர் வசந்தா. பிறந்தது விருதுநகர் பக்கம், பிழைக்க வந்தது கல்பாக்கம். உலோகங்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள். இரும்புத் துண்டை அறுத்து, கண்ணாடி மாதிரி ஆகும்வரை தேய்த்து, மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் ஊழியர் குடியிருப்பில் எலக்ட்ரீஷியனாக இருந்த மாணிக்கம் என் கணவர்.

விண்கல் பைத்தியம் எனக்கு வேலையில் இருக்கும்போதே பிடித்தது. வெளியூரிலிருந்து பேச வந்த பேராசிரியர் ஒருவர், சட்டைப்பையிலிருந்து பிஸ்கட் அளவில் ஒரு இரும்புத் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். மெருகேற்றி அமிலத்தில் முக்கிய துண்டு. மேலே பாய் பின்னினதுபோலக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள்.

“இந்தக் கோட்டை உங்க லேப்ல உண்டாக்க முடியுமா?” என்று கேட்டார்.

முடியாது என்று பார்த்ததும் தெரிந்தது. ஆயிரம் வருஷத்துக்கு ஒரு டிகிரிகூட ஆறாத அளவு மெதுவாக, விண்வெளியில் எங்கேயோ ஆறி வந்த இரும்பு. அன்று அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமே வரவில்லை. அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டியபடி நின்றது இப்போதும் கண்ணில் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மாமல்லபுரம் கடற்கரையில் நான் காந்தத்தோடு நின்றேன். மணலில் வைத்து எடுத்ததும் காந்தத்துக்குத் தாடி முளைத்துவிட்டது. விண்வெளித் தூசி என்று குதித்தேன். வாளி நிறைய அள்ளி, மாணிக்கத்தின் தலையில் ஏற்றாத குறையாக ஸ்கூட்டரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இந்தக் கடற்கரையில் எப்போதும் இருக்கிற கருமணல். மலைப்பாறை கரைந்து ஆறு கொண்டுவந்து சேர்த்தது.

“வாளியைத் திரும்பக் கொண்டுபோய்க் கொட்டணுமா?” என்று மட்டும் மாணிக்கம் கேட்டார். அந்த மணல் எங்கள் வீட்டுச் செடித்தொட்டியில்தான் இருக்கிறது.

பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம். திருக்கழுக்குன்றம் பக்கத்து ஏரிக்கரையில் கனமான கறுப்புக் கல் ஒன்று கிடைத்தது. இரண்டு வாரம் தேய்த்தேன். உள்ளே ரொட்டி மாதிரிக் குமிழ் குமிழாக இருந்தது. யாரோ எப்போதோ இரும்பு உருக்கியபோது மிஞ்சிய கசடு. சதுரங்கப்பட்டினத்தில் கிடைத்தது ஏதோ படகின் துருப்பிடித்த நங்கூரத் துண்டு. அடுத்தது குவாரிக் கல். அதற்கடுத்தது சாலை போடும் தார் கலந்த ஜல்லி. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஒவ்வொன்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே ‘இல்லை’ என்று எழுதி வைத்தேன். அந்தப் பெட்டிக்கு நான் நிறையக் கடன்பட்டிருக்கிறேன். எது இல்லை என்று அறுபது எழுபது தடவை பார்த்த கண்ணுக்குத்தான் எது ஆமாம் என்று தெரியும்.

திருப்போரூர் டீக்கடையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கல்லை மேசையில் வைத்துக் காந்தத்தால் ஆட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சிலிருந்து இரண்டு பேர் நகர்ந்து நகர்ந்து என்னிடம் வந்தார்கள்.

“மேடம்,” என்றான் ஒருவன், காதோடு காதாக, “அரிசி இஸ்குதா?”

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அரிசியை இழுக்கும் செம்பு, இடி விழுந்த கலசம், கோடிக்கணக்கில் விலை என்று ஊரை ஏமாற்றும் கும்பல்களைப் பற்றி நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள். என்னை அதில் ஒருத்தியாக நினைத்துவிட்டார்கள்.

“அரிசி இழுக்காதுப்பா. குண்டூசி இழுக்கும்” என்றேன்.

“குண்டூசிய இஸ்து இன்னா பண்றது?” என்று வெறுத்துப்போய் எழுந்து போனான். நியாயமான கேள்விதான்.

அந்த ஆடி மாத மதியம்

கடலைக் கொல்லைக்குத் திரும்புகிறேன்.

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது அந்தப் பெண் ஓடி வந்தாள். கை முழுக்க மண். பெயர் தேசம்மா என்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

“எம்மா, நீ சொன்னது மெய்யா? வூட்டு மேல கல்லு வுழும்னியே?”

“ஏன்மா, எங்கேயாவது விழுந்துச்சா?”

அவள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு சவுக்கு நிழலில் நின்று சொன்னாள்.

அவள் கணவர் ஏழுமலை. அவருக்கு ஒரே அண்ணன் கோதண்டம். பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரு வேலி, இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி மாதத்தில் யார் எப்போது மோட்டார் போடுவது என்ற முறைக்காகச் சண்டை வந்தது. காலையில் ஊர் கேட்க ஏழுமலை கத்தியிருக்கிறார்: “உன் கூர மேல இடி வுழ!”

அன்று மதியமே விழுந்தது.

டமார் என்று சத்தம். குவாரியில் வெடி வைக்கிறார்கள் என்று ஊர் நினைத்தது. மறுநிமிஷம் கோதண்டம் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை பொத்துக்கொண்டு ஒரு கல் உள்ளே வந்தது. சிமெண்டுத் தரையில் பள்ளம் விழுந்தது. உடைந்த கூரைத் துண்டு கோதண்டத்தின் மனைவி பச்சையம்மா நெற்றியைக் கிழித்தது. ஐந்து தையல்.

கோதண்டம் வெளியே ஓடி வந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். கையை நெற்றியில் வைத்து மேலே பார்த்துக்கொண்டு.

“கல்ல வுட்டுட்டு எங்க போய் வுழுதுன்னு பாத்துக்கினு நிக்கிறான்னு சொல்ட்டாரு எங்க மாமா. அதான் ஊரும் சொல்லிச்சு.” கணவரின் அண்ணனைத்தான் மாமா என்றாள்.

“உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார்?”

“மேலேர்ந்து லாரி ஓடற மாரி சத்தம் வந்துது, அதான் பாத்தேன்னாரு. கோயிலாண்ட பஞ்சாயத்துல அல்லாரும் சிரிச்சாங்க. வானத்துல எவன்டா லாரி ஓட்றான்னு.”

கூரையை மாற்றிக் கொடுத்து மன்னிப்பும் கேட்கவேண்டும் என்று தீர்ப்பு. ஏழுமலை கூரையை மாற்றிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. “பணத்த குடுக்கறேன். போட்டேன்னு சொல்ல மாட்டேன்” என்று எழுந்து வந்துவிட்டார். போடாதவன் எதற்குக் கூரை மாற்றிக் கொடுத்தான் என்று ஊர் அதையே சாட்சியாக வைத்துக்கொண்டது. அதிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. ஏழுமலைக்குக் ‘கல்லெறிஞ்சான்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

“அந்தக் கல் இப்ப எங்கே?”

“மாமா வூட்ல. பத்திரமா வெச்சினு கீறாரு. எப்ப கேஸ் வந்தாலும் காட்டுவாராம்.”

எனக்கு உடனே போய்ப் பார்க்கவேண்டும் போலிருந்தது. ஆனாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

“தேசம்மா, நான் பார்த்தா உள்ளதைத்தான் சொல்லுவேன். பத்து வருஷத்துக்கு மேலே தேடுறேன், இதுவரைக்கும் ஒண்ணுகூட நிஜமா இல்லை. இதுவும் சாதாரணக் கல்லா இருந்தா, உங்க வீட்டுக்காரர்தான் போட்டார்னு முடிவாயிடும். பார்க்கணுமா, வேண்டாமா?”

அவள் விரலிடுக்கில் காய்ந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

“பாரு. இன்னாவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லு. எனக்குத் தெரிஞ்சே ஆவணும்.”

ஊருக்கு நிரூபிக்கத்தான் கேட்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வேட்டியில் சுற்றிய சாட்சி

அடுத்த வாரம் நானும் மாணிக்கமும் கோதண்டம் வீட்டு வாசலில் போய் நின்றோம். கூரையில் ஒரு தகடு மட்டும் மற்றவற்றைவிட வெளுத்திருந்தது. கோதண்டம் அறுபதை நெருங்கியவர். எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை, விறைத்த முதுகு.

வழியெல்லாம் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். “பொய் எதுக்கு? நேரா கேளு” என்றார் மாணிக்கம். கேட்டேன்.

“யாரு அனுப்சது?”

“உங்க தம்பி சம்சாரம்தான் சொன்னாங்க.”

அவர் முகம் கறுத்தது. “கல்ல வாங்கினு போயி கெணத்துல போட்றதுக்கா? கெளம்புங்க மொதல்ல.”

நாங்கள் திரும்பியேவிட்டோம். அப்போது உள்ளேயிருந்து பச்சையம்மா வந்தார். இடது புருவத்துக்கு மேலே வெள்ளைக் கோடாகத் தழும்பு.

“இன்னாத்துக்குத் தொரத்தற? எடுத்தாந்து காட்டு” என்றார் கணவரிடம்.

“நீ சும்மா இரு.”

“ஒம்போது வருசம் சும்மாத்தான இருந்தேன்? நெத்தி என்து. எம்மேல வுழுந்தது இன்னான்னு எனக்குத் தெரிய வாணாமா?”

கோதண்டம் அசையவில்லை. பச்சையம்மாவே உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கும் கிறீச்சொலி கேட்டது. பழைய வேட்டியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பூச்சி உருண்டை வாசனை.

பிரித்தேன்.

நல்ல பெரிய மாங்காய் அளவு. ஆனால் அந்த அளவுக்கு மீறிய கனம். மேலெல்லாம் கரிச்சட்டியின் அடிப்பாகம்போல மங்கிய கறுப்பு. தேய்த்தால் கையில் ஒட்டவில்லை. பிசைந்த மாவில் கட்டைவிரலால் அழுத்தினதுபோல அங்கங்கே பள்ளங்கள். தரையில் மோதி உடைந்த ஒரு மூலையில், மெல்லிய கறுப்புத் தோலுக்கு அடியில் சிமெண்டு நிறம். அதில் கடுகைவிடச் சின்னதாக உருண்டை உருண்டையாக மணிகள். நடுநடுவே துருப் புள்ளிகள்.

நூலில் கட்டிய காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனேன். தானாகச் சாய்ந்து போய் ஒட்டிக்கொண்டது.

பையிலிருந்த டைல்ஸ் துண்டின் சொரசொரப்பான பின்பக்கத்தில் தேய்த்தேன். பூமியின் இரும்புக்கல் என்றால் கோடு விழும்; இதில் விழவில்லை. உடைந்த மூலையை உப்புத்தாளில் மெதுவாகத் தேய்த்தேன். சாம்பல் நிறத்தின் நடுவே வெள்ளி மாதிரிப் பொடிப்பொடியாக இரும்பு மின்னியது. பூமிக் கல்லில் இப்படி இரும்பு இரும்பாகவே கிடக்காது.

கண் கலங்கிவிட்டது. மாணிக்கம் என் தோளில் கை வைத்தார்.

“இன்னாம்மா, ஏன் அழுவற?” பச்சையம்மா பதறினார்.

“எனக்கு இது வானத்துக் கல்லுன்னுதான் தோணுது. ஆனா நான் சொன்னாப் போதாது. அரசாங்கத்துல கல் ஆராயுற ஆபீஸ் இருக்கு. அவங்க சோதிச்சுச் சொல்லணும்.”

கோதண்டம் கல்லைப் பார்க்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். திரும்பி வரும்போது எனக்கு ஒரு சபலம். “உடைஞ்ச மூலையிலேருந்து ஒரு துண்டு கேட்டா என்னங்க? இத்தனை வருஷம் தேடியிருக்கேன்” என்றேன்.

மாணிக்கம் ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைத்தார். “அது அவங்க வீட்டு வழக்குக்குச் சாட்சி, வசந்தா. சாட்சியில நமக்கு எதுக்குப் பங்கு?” என்றார். இப்படி விழுகிற கற்கள் அரசாங்கத்துக்குப் போய்ச் சேரவேண்டியவை என்பதும் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

மடியில் ஒரு பை

கோதண்டம் கல்லை என்னிடம் தர மறுத்துவிட்டார். “நானே எடுத்தாரேன்” என்றார். ஆகவே செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் மூவருமாகச் சென்னைக்குப் போனோம். துணிப்பையை மடியில் வைத்து, தூங்கும் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கொளவாய் ஏரி கடந்து போயிற்று. ஜன்னல் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

ஊரப்பாக்கம் நெருங்கும்போதுதான் வாய் திறந்தார்.

“வெறுங்கல்லுன்னு சொல்ட்டாங்கன்னா?”

“பெட்டியிலயே வெச்சுக்கலாம்” என்றார் மாணிக்கம்.

“வானத்துக் கல்லுன்னு சொல்ட்டாங்கன்னா?”

துணிப்பையின் காதை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“எங்கம்மா சாவுக்குக் கூட அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நின்னோம் சார்” என்றார். “கொள்ளி வெச்சிட்டு அவன் திரும்பறான், நான் எதுக்க நிக்கிறேன். மூஞ்சிய திருப்பிக்கினேன்.”



அலுவலகத்தில் ஓர் இளம் அதிகாரி, பெண், கையுறை போட்டுக்கொண்டு கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் ஒன்று கேட்டார்.

“இதை இத்தனை வருஷம் எங்கே வெச்சிருந்தீங்க?”

“பொட்டியில. துணி சுத்தி.”

“ஈரம் படாம, யாரும் தொடாம... ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க ஐயா. வெளியில கிடந்திருந்தா இந்த நேரம் துருப்பிடிச்சு உதிர்ந்திருக்கும்.”

பாராட்டைக் கேட்டு கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டார். எதற்காக அதைப் பத்திரப்படுத்தினார் என்பது அந்த அதிகாரிக்குத் தெரியாது.

தம்பி சொன்னதை எழுதிக்கொண்டார்கள்

கல்லைச் சோதனைக்காக அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். முடிவு வர மாதக்கணக்காயிற்று. தேசம்மா வாரம் தவறாமல் போன் செய்வாள். “தபால் வந்துச்சாம்மா?” இல்லை என்றால், “சரி” என்று வைத்துவிடுவாள். ஏழுமலையிடம் அவள் எதையும் சொல்லியிருக்கவில்லை. இல்லையென்று ஆகிவிட்டால் அவருக்கு இரண்டாவது தடவை அடி விழும் என்று நினைத்திருக்கிறாள் என எண்ணிக்கொண்டேன்.

தபால் கோதண்டத்தின் பெயருக்குத்தான் வந்தது. அவர் எனக்குப் போன் செய்து, எழுத்து எழுத்தாகப் படித்தார். விண்கல். உறுதி. விழுந்த இடத்தைக் குறித்துக்கொள்ள ஆட்கள் வருகிறார்கள்.

“அப்ப செரிம்மா” என்று போனை வைத்துவிட்டார்.

அவர்கள் வந்த அன்று நாங்களும் போனோம். அதே இளம் அதிகாரியும் உடன் ஒருவரும். ஊர் மொத்தமும் கோதண்டம் வாசலில். தரையிலிருந்த பள்ளத்தை அளந்தார்கள், கூரையைப் படமெடுத்தார்கள். ஏழுமலை வேலிக்கு அந்தப் பக்கம், கட்டிலில் உட்கார்ந்து மாட்டுக்கயிறு திரித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். வேடிக்கை பார்க்கக்கூட எழுந்து வரவில்லை.

அதிகாரி ஒரு படிவத்தை எடுத்தார். “கல் விழுந்தப்போ சத்தம் கேட்டவங்க, வானத்துல ஏதாவது பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சிரித்தவர்கள் பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

கோதண்டம் முன்னால் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தவர் அவிழ்த்து இறக்கிவிட்டுக்கொண்டார்.

“எந்தம்பி கேட்டான்” என்றார். எல்லோருக்கும் கேட்டது. “அன்னிக்கே சொன்னான். மேலேர்ந்து சத்தம் வந்துதுன்னு சொன்னான். நாங்கதான் நம்பல. நான்தான் நம்பல. அவன் பேர எழுதிக்கம்மா.”

எல்லாத் தலையும் வேலிப் பக்கம் திரும்பின. கயிறு திரித்த கை நின்றிருந்தது.

“டேய் ஏழுமல, வாடா. வந்து சொல்லு.”

ஏழுமலை உடனே வரவில்லை. கயிற்றைச் சுருட்டிக் கட்டிலில் வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். வேலிப் படலைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். பச்சையம்மா நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை.

அதிகாரி கேட்கக் கேட்க, நின்றபடியே சொன்னார். வடக்கே, பனைமர உயரத்துக்கும் மேலே, புகைக் கோடு மாதிரி ஒன்று பார்த்தது. முதலில் வெடிச் சத்தம். அப்புறம் லாரி உருள்கிற மாதிரி. “அப்பால விர்ருன்னு காதாண்ட ஒரு சத்தம். அப்பால அண்ணன் வூட்டுக் கூர.” அந்த அதிகாரி ஒவ்வொரு வார்த்தையையும் எழுதிக்கொண்டார். “லாரி மாதிரின்னா லோடு ஏத்தின லாரியா, காலி லாரியா?” என்றுகூடக் கேட்டார்.

“லோடு லாரிம்மா” என்றார் ஏழுமலை. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

தேசம்மா வீட்டு டீ

எல்லோரும் போனபின் தேசம்மா எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அவித்த மல்லாட்டை (வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்துப் பெயர்), டீ. ஏழுமலை எதிரே உட்கார்ந்து உரித்து உரித்து மாணிக்கத்தின் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு மனசெல்லாம் நிறைந்திருந்தது. நிறைந்த மனசு சும்மா இருக்காதல்லவா, பேசிவிட்டேன்.

“தேசம்மா, நான் இத்தனை வருஷம் நடந்ததுக்குப் பலன் உங்களாலதான் கிடைச்சுது. நீங்க அன்னிக்குக் கொல்லையில ஓடி வந்து கேக்கலேன்னா, அந்தக் கல்லு பெட்டியிலயே கிடந்திருக்கும். வீட்டுக்காரர் மேல உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை!”

அவள் கையிலிருந்த டம்ளர் தளும்பியது. டீ விரலில் கொட்டியும் அவள் கீழே வைக்கவில்லை.

“இல்லம்மா” என்றாள். “நான் நம்பல.”

கையில் எடுத்த கடலையை நான் தட்டிலேயே போட்டேன்.

“அவுரு கோவம் எனக்குத் தெரியும். தட்டத் தூக்கி அடிப்பாரு. அன்னிக்கு நான் ரேசன் கடைக்குப் பூட்டேன், ஒண்ணும் பாக்கல. இவருதான் போட்டிருப்பாருன்னே நெனச்சினு இருந்தேன். அதான் உன்னாண்ட ஓடியாந்தேன். ஊருக்குச் சொல்றதுக்கு இல்லம்மா. எனக்குத் தெரியணும்னு.”

புருஷனைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தெரியும்” என்றார் ஏழுமலை.

அவள் நிமிர்ந்தாள்.

“ரேசன் பையக்கூட எறக்கி வெக்காம கேட்டல்ல, ‘இன்னாத்துக்கு இப்டிப் பண்ண’ன்னு. பண்ணியான்னு கேக்கல. அன்னிக்கே தெரிஞ்சிக்கினேன்.”

“தெரிஞ்சா ஒரு வார்த்த திட்டக் கூடாதா? ஒம்போது வருசமா ஒரு வார்த்த கேக்கலியே!”

அவர் கையிலிருந்த கடலையை உரிக்காமல் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னான்னு திட்றது? உங்கண்ணன் வந்து ‘வந்துரு, இவங்கூட வாணாம்’னு கூப்ட்டாரு. நீ போவல. ஊரே கல்லெறிஞ்சான்னு சொல்லிச்சு. நீயும் அப்டித்தான் நெனச்ச. ஆனா சோறு போட்ட, தண்ணி வெச்ச, கொல்லைக்குக் கூட வந்த. நம்பிக்கினு கூட இருக்கறது யாராலயும் ஆவும். நீ நம்பாதயே கூட இருந்த. அதுக்கு மேல ஒர்த்தி இன்னா பண்ணணும்?”

தேசம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். “டீ ஆறிப் போச்சு, வேற போட்றேன்” என்று உள்ளே போனாள். அடுப்புப் பற்றும் சத்தம் கேட்கவே இல்லை. சற்றுப் பொறுத்து ஏழுமலையும் எழுந்து உள்ளே போனார்.

மாணிக்கம் எனக்குக் கண்ணைக் காட்டினார். டம்ளர்களை வாசல் குழாயில் நாங்களே கழுவிக் கவிழ்த்து வைத்தோம். போய்வருகிறோம் என்று குரல் கொடுக்காமல், ஸ்கூட்டரைக் கிளப்பாமல் தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனோம்.